‘ஹார்வெஸ்ட்’ என்றால் எல்லாப் பயிருக்கும் ‘அறுவடை’தானா? கடலூர், புதுச்சேரி வழக்கு தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வடலூர்க் கொல்லை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். எங்கள் உழவர் குழுவுக்குப் பயிர்வாரியாக ஒரு கையேடு தயாராகிறது. மூலம் ஆங்கிலத்தில் இருக்கிறது. அதில் ‘ஹார்வெஸ்ட்’ என்ற வினை பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. முதல் வரைவில் அது வந்த இடமெல்லாம் ‘அறுவடை செய்யவும்’ என்று போட்டிருக்கிறார்கள். நெல்லுக்குச் சரி. ஆனால் ‘முந்திரியை அறுவடை செய்யவும்’, ‘பலாவை அறுவடை செய்யவும்’, ‘மரவள்ளியை அறுவடை செய்யவும்’ என்று அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. படித்துப் பார்த்த உறுப்பினர்கள் பலருக்கும் ஒட்டவில்லை.

எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். அந்த ஆங்கில வினையின் உண்மையான பொருள் என்ன, அதற்கு நிகரான வேறு ஆங்கில வினைகள் எங்கே பொருந்தும்? அதைவிட முக்கியமாக, உங்கள் ஊரில் ஒவ்வொரு பயிருக்கும் வாயில் வரும் சொல் எது? புத்தகச் சொல் வேண்டாம். கூலிக்கு ஆள் கூப்பிடும்போது என்ன சொல்லிக் கூப்பிடுவீர்களோ, அதைச் சொல்லுங்கள்.

தில்லை வாத்தியார்

ஆங்கிலப் பக்கத்தை நான் பார்க்கிறேன். பள்ளியில் அதைத்தான் நடத்தினேன்.

‘ஹார்வெஸ்ட்’ ஆதியில் ஒரு பருவத்தின் பெயர். பழைய ஆங்கிலத்தில் அதன் மூல வடிவத்துக்கு இலையுதிர் காலம் என்று பொருள். ஜெர்மன் மொழியில் இன்றும் ‘ஹெர்ப்ஸ்ட்’ என்றால் இலையுதிர் காலம்தான். கதிர் வீட்டுக்கு வரும் பருவத்தின் பெயரே அந்தப் பருவத்து வேலைக்கும் ஆனது, பிறகு அந்த வேலையில் கிடைத்த விளைச்சலுக்கும் ஆனது. அதனால் அந்தச் சொல் ‘விளைந்ததை எடு’ என்று மட்டும் சொல்லும். எப்படி எடுப்பது என்று சொல்லாது. அரிவாளா, கையா, கடப்பாரையா என்பது அதற்குள் இல்லை.

எப்படி என்பதைச் சொல்ல ஆங்கிலத்திலும் தனித்தனி வினைகள் உண்டு. ‘ரீப்’ என்றால் தானியக் கதிரை அறுப்பது. ‘மோ’ புல்லை அறுப்பது. ‘பிக்’ காயும் பழமும் பறிப்பது. தேயிலைக்கு ‘ப்ளக்’. உருளைக்கிழங்குக்கு ‘டிக்’ என்பார்கள், இங்கிலாந்து உழவர்கள் ‘லிஃப்ட்’ என்றும் சொல்வார்கள். அறுத்து முடித்த வயலில் சிந்திக் கிடக்கும் கதிரைப் பொறுக்குவதற்கு மட்டுமே ‘க்ளீன்’ என்று ஒரு வினை. சுத்தம் செய்யும் ‘க்ளீன்’ வேறு, இது வேறு. அகராதியில் இவை எல்லாம் ஒரே வரியில் நிகர்ச்சொல் என்று கிடக்கும். ஆனால் ஆப்பிளை ‘ரீப்’ செய்தேன் என்று எந்த ஆங்கிலேயரும் சொல்ல மாட்டார். ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை அந்த இடத்தில் வைக்க முடியாது.

நம் தமிழில் ‘அறுவடை’க்குள் அறுப்பு இருக்கிறது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

மங்கலம்பேட்டை மல்லாட்டை

எங்கள் விருத்தாசலம் பக்கத்தில் மல்லாட்டையைப் பிடுங்குவோம். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், மல்லாட்டை என்றால் நிலக்கடலை. மணிலாக் கொட்டை பேச்சில் தேய்ந்து மல்லாட்டை ஆனது.

‘பிடுங்கு’ என்ற ஒரு சொல்லுக்குள் என்னென்ன இருக்கிறது தெரியுமா? முதலில் கொல்லையில் நாலைந்து இடத்தில் செடியைப் பிடுங்கிக் காயை உடைத்துப் பார்ப்போம். ஓட்டின் உள்பக்கம் வெள்ளையாக இருந்தால் முற்றவில்லை. கறுத்திருந்தால் சரி. அப்புறம் மண்ணைப் பார்க்க வேண்டும். காய்ந்து இறுகிய மண்ணில் இழுத்தால் செடி கையோடு வந்துவிடும், காய் உள்ளேயே நின்றுவிடும். ஒரு மழையோ, ஒரு தண்ணீரோ விட்டுத்தான் பிடுங்குவோம். ரொம்பவும் காத்திருக்க முடியாது. கொத்து ரகத்தில் முற்றிய காய் ஈரத்தில் கிடந்தால் மண்ணுக்குள்ளேயே முளை விட்டுவிடும்.

பிடுங்கியாச்சா, அடுத்தது ஆய்வது. செடியைக் கையில் பிடித்துக் காயை உருவி எடுப்பதற்கு ‘மல்லாட்டை ஆயறது’ என்று பெயர். பிடுங்க ஒரு கூலி, ஆய ஒரு கூலி. ஆய்வதற்கு அளந்து கொடுக்கும் வழக்கமும் உண்டு. அதற்கும் பிறகு மண்ணில் நின்றுபோன காயைக் கொத்திப் பொறுக்குவது. அதைத் ‘தப்பு’ பொறுக்குவது என்போம். வாத்தியார் ஐயா சொன்ன அந்தச் சிந்திய கதிர் வினை இதுதான் போல.

இத்தனையையும் ‘அறுவடை செய்யவும்’ என்று ஒரே வரியில் சொன்னால் எந்த வேலைக்கு ஆள் சொல்வது?

பொது நடை

மாற்றுக் கருத்து ஒன்றை வைக்கிறேன். நான் மொழிபெயர்ப்பு வேலையில் இருப்பவன்.

‘அறுவடை’ இன்று பொதுச்சொல் ஆகிவிட்டது. பொங்கலை அறுவடைத் திருநாள் என்கிறோம். அதில் நெல்லும் இருக்கிறது, கரும்பும் இருக்கிறது, மஞ்சளும் இருக்கிறது. அரசு அறிக்கையிலும் பாடநூலிலும் காபி முதல் காளான் வரை எல்லாமே அறுவடைதான். ‘அறுவடைக்குப் பின்சார் தொழில்நுட்பம்’ என்று ஒரு துறையே இருக்கிறது. கையேட்டில் ஒரு பக்கம் பிடுங்கு, ஒரு பக்கம் பொறுக்கு, ஒரு பக்கம் ஒடி என்று மாறி மாறி வந்தால், இவை எல்லாம் ஒரே கட்டத்து வேலை என்று படிப்பவருக்கு எப்படித் தெரியும்? கடலூரில் பிடுங்குவதைத் தென்மாவட்டத்தில் வேறு மாதிரிச் சொல்லலாம். ஊருக்கு ஒரு பதிப்பு போட முடியுமா?

வடலூர்க் கொல்லை

கேள்வி நியாயமானது. ஆனால் இந்தக் கையேடு கடலூர், புதுச்சேரி உழவர்களுக்கு மட்டும்தான். எங்களுக்கு ஊருக்கு ஒரு பதிப்பேதான் வேண்டும். நெல்லைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லையே?

வீராணத்துக் கரை

நெல்லை நான் சொல்கிறேன். காட்டுமன்னார்கோயில் பக்கம், ஏரிப் பாசனம்.

அறுப்பு என்றால் எங்களுக்கு நெல்தான். ‘அறுப்பு வந்துடுச்சி’ என்றால் என்ன பயிர் என்று யாரும் கேட்க மாட்டார்கள். இது இன்று நேற்று வந்த வழக்கும் இல்லை. புறநானூற்றின் 24-ஆம் பாட்டே ‘நெல்லரியும்’ என்றுதான் தொடங்குகிறது. அரிதல், அரிவாள், அரி எல்லாம் ஒரே குடும்பம். கையால் அறுத்த தாளை வயலில் வரிசையாகப் பரப்பிப் போடுவதை இன்றும் அரி போடுவது என்கிறோம்.

அந்தக் காலத்து அறுப்பு ஒரு வேலை மட்டும் இல்லை. அறுத்து அரி போடணும், அது காயணும், கட்டு கட்டணும், களத்துக்குத் தூக்கணும், அடிக்கணும், தூற்றணும், பதர் போக மீதியை அளக்கணும். அந்த அளவுக்குக் கண்டுமுதல் என்று பெயர். ‘ஏக்கருக்கு எத்தனை மூட்டை கண்டுமுதல்?’ என்றுதான் எங்கள் ஊரில் கேட்பார்கள். வாத்தியார் சொன்னாரே, விளைச்சலுக்கும் ‘ஹார்வெஸ்ட்’ என்று பெயர் என்று. அந்தப் பொருளில் வந்தால் ‘கண்டுமுதல்’ அல்லது ‘மகசூல்’ போடுங்கள். ‘நல்ல அறுவடை’ என்று போட்டால் வேலை நன்றாக நடந்ததா, நெல் நிறைய வந்ததா என்று தெரியாது.

இப்போது மிஷின் வந்துவிட்டது. வயலில் இறங்கினால் அறுத்து, அடித்து, தூற்றி, நெல்லைத் தொட்டியில் கொட்டிவிடுகிறது. இந்த மூன்றையும் ஒன்றாகச் சேர்த்ததால்தான் ஆங்கிலத்தில் அதற்குக் ‘கம்பைன்’ என்று பெயர். இதில் ஒரு கட்டம் காணாமல் போனதைக் கவனித்தீர்களா? அரி வயலில் கிடந்து காயும் கட்டம். முன்பு அந்த வெயிலில் தாளும் மணியும் பாதி உலர்ந்துவிடும். இப்போது பச்சை ஈரத்தோடு நெல் கைக்கு வருகிறது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். அதனால்தான் தை, மாசியில் எங்கள் சாலை ஓரமெல்லாம் நெல் காய்கிறது. கையேட்டில் ‘அறுவடை செய்து விற்பனைக்கு எடுத்துச் செல்லவும்’ என்று மட்டும் எழுதினால் நடுவில் இருக்கும் ‘காயவைக்கவும்’ விழுந்துவிடும். ஆங்கில மூலத்தில் அது இல்லையென்றாலும் நீங்கள் சேர்த்தே ஆகணும்.

இன்னொன்று. சம்பா நெல் அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னாலேயே மண் மெழுகு மாதிரி பதமான ஈரத்தில் இருக்கும்போது, நிற்கும் நெல்லுக்குள்ளேயே உளுந்து, பயறு தெளிப்போம். கை அறுப்பு நடக்கும்போது அந்த முளை காலடியில் தப்பித்துவிடும். மிஷின் சக்கரம் ஏறினால் நசுங்கிப் போகும். ஆகவே மிஷின் போய் முடிந்த கையோடு, ஈரம் இருக்கும்போதே தெளிப்பவர்கள் இப்போது அதிகம். அறுப்பு எப்படி நடக்கிறது என்பதைப் பொறுத்து அடுத்த பயிரின் விதைப்பே மாறுகிறது. எனவே நெல் பக்கத்தில் ‘கையால் அறுப்பது’, ‘மிஷினால் அறுப்பது’ என்று இரண்டாகப் பிரித்து எழுதுங்கள்.

காடாம்புலியூர் அக்கா

முந்திரியை அறுவடை செய்ய முடியாது, தம்பி. முந்திரியைப் பொறுக்கத்தான் முடியும்.

இதைச் சொல் பிரச்சினையாக மட்டும் பார்க்காதீர்கள். நன்றாக விளைந்த கொட்டை பழத்தோடு தானாக விழும். விழுந்ததைப் பொறுக்கி, பழத்திலிருந்து கொட்டையைத் திருகி எடுத்து, வெயிலில் காயவைப்போம். அதற்காகவே பருவத்துக்கு முன்னால் மரத்தடியைக் கூட்டிச் சுத்தமாக வைப்பது. அவசரப்பட்டுக் கழியால் தட்டி உதிர்த்தால் முற்றாத கொட்டையும் சேர்ந்து வரும். பருப்பு சுருங்கிப் போகும், விலை இறங்கும். புதிதாகத் தோப்பு வாங்கிய ஒருவர் ‘அறுவடை செய்யவும்’ என்று படித்தால் ஏணியும் கழியும் எடுத்துக்கொண்டு போய் நிற்பார். ‘பொறுக்கவும்’ என்று படித்தால் காத்திருப்பார்.

பலா வேறு கதை. பலாவை இறக்குவோம். பண்ருட்டிப் பக்கம் ‘காய் இறக்க ஆள் வந்தாச்சா’ என்றுதான் கேட்பது. மரத்தில் ஏறிக் காம்பில் கயிறு கட்டி, காம்பை வெட்டி, மெதுவாகக் கீழே விடணும். விழுந்தால் அடிபட்ட இடம் அழுகிவிடும். எப்போது இறக்கலாம் என்பதற்கும் கணக்கு உண்டு. முள் அகன்று மழுங்கியிருக்கும், தட்டினால் பொத்தென்று ஒரு சத்தம் வரும், காம்பருகே இருக்கும் இலை மஞ்சளாகும். இறக்கியதும் காம்பில் பால் வடியும். அது வடியும் வரை காயைச் சாய்த்து வைக்கணும்.

திட்டக்குடி மேட்டுக்காடு

மக்காச்சோளம் ஒடிக்கறது. பருத்தி எடுக்கறது. எள்ளு மட்டும் அறுக்கறது, ஆனால் உடனே தட்ட மாட்டோம். கட்டு கட்டிப் போராக அடுக்கி வைத்து, அப்புறம் வெயிலில் காய்ந்ததும் கவிழ்த்துத் தட்டுவோம். அடிக்காய் மஞ்சளானதுமே அறுத்துடணும். வெடிக்க விட்டால் எள்ளு மண்ணுக்குத்தான்.

நெல்லிக்குப்பம் கரும்பு

கரும்புக்கு வெட்டு. ‘வெட்டு உத்தரவு வந்தாச்சா’ என்பதுதான் ஆலைக் கரும்பு போட்டவர்களின் பேச்சு. தரையோடு ஒட்ட வெட்டணும், அடிக்கரும்பில்தான் இனிப்பு அதிகம். வெட்டிய ஒரு நாளுக்குள் ஆலைக்குப் போய்விட வேண்டும். தாமதம் ஆக ஆக எடையும் போகும், சர்க்கரையும் போகும்.

கிள்ளை உப்பங்கழி

இறால் வளர்ப்பில் நாங்கள் ‘ஹார்வெஸ்ட்’ என்றே சொல்கிறோம். தமிழில் சொல்வதானால் ‘பிடிப்பு’. ‘இறால் அறுவடை’ என்று செய்தியில் மட்டும் பார்த்திருக்கிறேன்.

பொது நடை

அப்படிப் பார்த்தால் ஆங்கிலத்தில் உப்பையும் ‘ஹார்வெஸ்ட்’ செய்கிறார்கள்.

முத்தியால்பேட்டை

மரக்காணத்து உப்பளத்தில் உப்பு வாருவார்கள்.

புதுச்சேரியில் இருப்பதால் பிரெஞ்சுப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அங்கே ‘ரேகொல்த்’ பொதுச்சொல். அதைத் தவிர, தானியம் அறுப்பதற்கு ‘முவாசோன்’, திராட்சை பறிப்பதற்கு ‘வாந்தான்ழ்’, பூவும் பழமும் பறிப்பதற்குக் ‘க்யோயெத்’. திராட்சைத் தோட்டத்தில் நின்றுகொண்டு ‘முவாசோன்’ என்றால் சிரிப்பார்கள். பொதுச்சொல்லும் வேண்டும், தொழிற்சொல்லும் வேண்டும் என்று அவர்கள் இரண்டையும் வைத்திருக்கிறார்கள். பொது நடை அண்ணன் சொல்வதற்கும் மற்றவர்கள் சொல்வதற்கும் நடுவே வழி இருக்கிறது என்பதற்காகச் சொன்னேன்.

நெட்டப்பாக்கம் தோட்டக்கால்

இதுவரை யாரும் தொடாத ஒரு இடம் இருக்கிறது. எனக்கு அதுதான் எல்லாவற்றிலும் பெரிதாகப் படுகிறது.

பூச்சிமருந்து டப்பாவோடு வரும் துண்டுத்தாளில், கடைசியாக மருந்து அடித்த பிறகு எத்தனை நாள் கழித்து ‘ஹார்வெஸ்ட்’ செய்யலாம் என்று இருக்கும். காத்திருப்புக் காலம் என்பார்கள். மருந்துக்கு மருந்து, பயிருக்குப் பயிர் அது மாறும். தமிழில் ‘அறுவடைக்கு முன் இத்தனை நாள் இடைவெளி விடவும்’ என்று வருகிறது.

நெல்லுக்கு இதில் குழப்பமே இல்லை. அறுப்பு ஒரே தடவை. கத்திரிக்கு? நாலைந்து நாளுக்கு ஒரு பறிப்பு, மாதக் கணக்கில் நடக்கும். வெண்டையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறித்தே ஆகணும், விட்டால் முற்றிவிடும். தோட்டக்காரருக்குக் காய் பறிப்பது பறிப்பு. அதை அவர் அறுவடை என்று நினைப்பதே இல்லை. செடி ஓய்ந்து பிடுங்கிப் போடும் நாள்தான் அவர் மனதில் முடிவு. ஆக ‘அறுவடைக்கு முன்’ என்று படித்தால், அது எங்கோ கடைசியில் வரும் சமாச்சாரம் என்று எடுத்துக்கொள்கிறார். காலையில் மருந்து அடித்து, மறுநாள் பறித்து, அன்றைக்கே சந்தைக்கு அனுப்புகிறார்கள். அவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. அந்த வரி அவர்களிடம் பேசவே இல்லை. அந்தக் காயை நம் பிள்ளைகள்தான் சாப்பிடுகின்றன.

‘மருந்து அடித்த பிறகு இத்தனை நாள் காய் பறிக்கக் கூடாது’ என்று எழுதுங்கள். கீரையா, ‘கீரை பிடுங்கக் கூடாது’. மல்லிப்பூவா, ‘பூ பறிக்கக் கூடாது’. தயவுசெய்து கத்திரி, வெண்டை, மிளகாய், கீரைப் பக்கங்களில் ‘அறுவடை’ என்ற சொல்லே வேண்டாம். அதோடு இன்னொரு வரியும் சேருங்கள்: காய் பறித்து முடித்த அன்று மருந்து அடித்தால் அடுத்த பறிப்புக்கு முழு இடைவெளி கிடைக்கும், அந்த இடைவெளிக்குள் அடங்காத மருந்தைக் காய்ப்புப் பருவத்தில் வாங்கவே வேண்டாம்.

பொது நடை

நெட்டப்பாக்கத்து நண்பர் சொன்ன காரணம் ஒன்றே போதும். கட்டளை வரிகளில் பயிரின் சொந்த வினை வரட்டும். தலைப்பில் மட்டும் ‘அறுவடை’ இருக்கட்டும், பொருளடக்கத்தில் தேட வசதி.

கையேட்டில் ‘ரெயின்வாட்டர் ஹார்வெஸ்டிங்’ வருகிறதா? வந்தால் அங்கேயும் அறுவடை வேண்டாம். 2003-இல் தமிழக அரசு கட்டடங்களுக்கு அதைக் கட்டாயமாக்கியதிலிருந்து ‘மழைநீர் சேகரிப்பு’ என்று சிறு பிள்ளைக்கும் தெரியும்.

வடலூர்க் கொல்லை

பண்ணைக்குட்டைப் பகுதியில் வருகிறது. சேகரிப்பு என்றே போடுகிறோம்.

எல்லாருக்கும் நன்றி. முடிவு இப்படி: பகுதித் தலைப்பு ‘அறுவடை’. உள்ளே நெல்லை அறுக்கவும், மல்லாட்டையைப் பிடுங்கவும், பிறகு ஆயவும், கரும்பை வெட்டவும், மக்காச்சோளத்தை ஒடிக்கவும், முந்திரியைப் பொறுக்கவும், பலாவைக் கயிறு கட்டி இறக்கவும். விளைச்சல் என்ற பொருளில் வந்தால் கண்டுமுதல் அல்லது மகசூல். மருந்து வரிகள் நெட்டப்பாக்கத்தார் சொன்னபடியே. உளுந்துக்கு எங்கள் பக்கம் ‘பிடுங்கு’ என்கிறோம், அதையே போட்டுவிடலாமா?

வீராணத்துக் கரை

நாங்களும் பிடுங்குகிறோம் என்றுதான் சொல்வோம், செய்வதும் அதையேதான். ஆனால் அங்கே மட்டும் வாய்வழக்கை அப்படியே எடுக்காதீர்கள். உளுந்து வேரில் இருக்கும் முடிச்சு மண்ணுக்குச் சத்து. செடியை வேரோடு பிடுங்கிக் களத்துக்குக் கொண்டுபோனால் அதுவும் சேர்ந்து போய்விடும். தரையோடு அறுத்து வேரை வயலிலேயே விடுவது நல்லது. நீங்கள் என்ன வினை எழுதுகிறீர்களோ, அதைத்தான் படிக்கிறவர் செய்வார்.

வடலூர்க் கொல்லை

சரி. உளுந்துப் பக்கத்தில் ‘பிடுங்க வேண்டாம், வேரை மண்ணில் விட்டு அடியில் அறுக்கவும்’ என்று போடுகிறேன். காரணத்தையும் ஒரு வரியில் சேர்த்துவிடுகிறேன். பச்சைப்பயறுக்கும் இதே வரிதானே?

வீராணத்துக் கரை

இதேதான். ஆனால் பயறு ஒரே சமயத்தில் காயாது. முதலில் காய்ந்த நெற்றை ஒரு தடவை, ரெண்டு தடவை கையால் பறித்துவிட்டு, கடைசியில் செடியை அறுக்கச் சொல்லுங்கள்.